டீக்கன் புல் வெட்டிய சனிக்கிழமைகள்

இப்போதெல்லாம் டாலிவர் ஊரில் சனிக்கிழமை காலையில் எந்தத் தெருவில் போனாலும், திறந்து கிடக்கிற ஏதாவதொரு கராஜுக்குள் எவனாவது அரைக்கால் சட்டையோடு நின்று பீர் காய்ச்சிக்கொண்டிருப்பான். கேஸை முழுக்கத் திறந்துவிட்டு, பர்னர் ஹோவென்று இரைய, போதாததற்குப் பாட்டு வேறு போட்டுக்கொண்டு, தெருவுக்கே தெரியட்டும் என்று நிற்பான். தெரிந்தால் என்ன? அலபாமாவில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம் என்ற சட்டம் 2013 மே மாதத்தோடு ஒழிந்தது. ஆனால் வெண்டல் டார்ப்ளி அந்தப் பக்கம் நடந்து போனால் சும்மா போகமாட்டார். உள்ளே நுழைவார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கை ரெகுலேட்டர் திருகுக்குப் போகும். தீயைத் தணித்துவிட்டுத்தான் "எப்படிப்பா இருக்கே?" என்பார்.

"என்ன மிஸ்டர் வெண்டல், இன்னும் போலீஸ் பயம் போகலையா?" என்று சீண்டுவார்கள்.

"போலீஸுக்கு எவன்டா பயந்தான்? எங்களைப் பயமுறுத்த நல்ல ஆளு ஒருத்தர் இருந்தாரு. உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

அவர் சொல்வது பக்கத்து வீட்டு ஹார்லன் பைஸை. குடியைப் பாவமாக எண்ணும் ஊர் பாப்டிஸ்ட் சபையின் மூத்த டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. ஆறடிக்கு மேல் உயரம், சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அடிக்கவோ திட்டவோ மாட்டார். அவர் கையிலிருந்த ஆயுதம் வேறு. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, தவறு செய்தவனின் பெயரைச் சொல்லி, அவனுக்காக உருகி ஜெபிப்பார். அவ்வளவுதான். பாடகர் குழுவிலிருந்த ஒருவன் அடுத்த ஊர்க் கடையில் பீர்ப் பெட்டியோடு இவர் கண்ணில் பட்டுவிட்டான். அந்தப் புதன்கிழமை அவன் பெயர் சொல்லி நடந்த ஜெபத்தில் மனிதர் அழுதே விட்டார். அடுத்த ஞாயிறு அந்த ஆள் வேறு பிரிவான மெத்தடிஸ்ட் சபைக்கு ஓடிப்போனான். சிறைக்குப் போய்விட்டு வந்தவனைக்கூட டாலிவர் மறந்துவிடும். பெயர் சொல்லி ஜெபிக்கப்பட்டவனை மறக்காது.

இப்படிப்பட்ட மனிதரின் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் வெண்டல் பீர் காய்ச்சினார். தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஊரிலேயே அவரைப் போலப் பயந்தாங்கொள்ளி கிடையாது. பள்ளி பஸ்களைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. வாலிபத்தில் ராணுவத்தோடு ஜெர்மனியில் இருந்தபோது, சுட்ட ரொட்டி வாசனையோடு ஒரு பழுப்பு நிற பீர் குடித்துவிட்டார். ஊர் திரும்பியபின் கடையில் கிடைத்ததெல்லாம் மஞ்சள் தண்ணீர். நாக்கு கேட்கவில்லை. நாமே காய்ச்சினால் என்ன என்று இறங்கிவிட்டார். முளைகட்டி உலர்த்திய பார்லி, மால்ட் என்பார்கள், அது மூட்டையாக வெளி மாநிலத்திலிருந்து தபாலில் வரும். தபால்காரர் என்னவென்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னார், கோழித் தீவனம் என்று. வீட்டில் கோழியே இல்லை. மனைவி ஒலீட்டா அன்று சாயங்காலமே இரண்டு கோழி வாங்கி வந்தாள்.

"பொய் சொல்றதுன்னு ஆயிடுச்சு. அதையாவது ஒழுங்காச் சொல்லு," என்றாள்.

ஒலீட்டா ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அவளுக்குப் பீர் பிடிக்காது. ஆனால் காய்ச்சுகிற நாளில் கணவன் முகத்தில் வருகிற களை பிடிக்கும். மற்ற நாட்களில் அந்த முகம் பஸ் எண்ணெய் படிந்து செத்துக் கிடக்கும். அதனால் பேசாமல் இருந்தாள். ஒன்றே ஒன்றுதான் அவள் கவலை. "வெண்டல், புதன்கிழமை அவரு வாயில உன் பேரு வந்துச்சுன்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தக் குழந்தைங்க முன்னாடி நிப்பேன்?"

வெண்டலுக்கும் இழக்க ஒன்று இருந்தது. சபையின் மீன் விருந்து. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. மைதானத்தில் கெளுத்தி மீனும் சோளமாவு உருண்டையும் பொரித்து ஊருக்கே போடுவார்கள். பர்னருக்குப் பொறுப்பு வெண்டல். எண்ணெய் புகையாமல், மீன் சொதசொதக்காமல் தீயை நிறுத்திப் பிடிக்க அவரை விட்டால் ஆளில்லை என்று டீக்கனே சொல்வார். வருடம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மெக்கானிக், அந்த இரண்டு நாளும் ராஜா. சபையின் பர்னரும் சிலிண்டர்களும் அவர் கராஜில்தான் இருக்கும். ஆக, வீட்டில் இவ்வளவு பெரிய அடுப்பு எதற்கு என்று யாரும் கேட்க முடியாது. மீன் பொரிக்கிற அதே அடுப்பில்தான் பீரும் வெந்தது.

இப்போது சிக்கல் எங்கே என்றால், சத்தத்தில். வீட்டுச் சமையலறை அடுப்பு போன்றதல்ல அது. அழுத்தத்தோடு பாய்கிற புரொப்பேன் கேஸ். திருகை முழுக்கத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். குறைத்து வைத்தால் சத்தம் இருக்காது. ஆனால் அவ்வளவு பெரிய பானை கொதிக்கவே கொதிக்காது, பொழுது போய்விடும். இன்னும் குறைத்தால் தீ மஞ்சளாகிப் பானையடியில் கரி அப்பும், ஒரு காற்றடித்தால் அணைந்தே போகும். கேஸ் வருகிற குழாயில் இன்னொரு சிறு வால்வைப் பொருத்தி, மயிரிழை மயிரிழையாகத் திறக்கவும் மூடவும் வழி செய்துகொண்டார். நீலம் மாறாமல், முணுமுணுப்புக்கு மேல் சத்தம் போடாமல் தீயை நிற்கவைக்க அவருக்குத் தெரியும். அப்படியே மணிக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் கொதி வரவைக்க என்ன செய்வது?

அதற்கு ஆண்டவர் ஒரு வழி விட்டிருந்தார். சனிக்கிழமை காலையில் டீக்கன் புல் வெட்டுவார்.

பழைய பெட்ரோல் புல்வெட்டி அது, கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். அது போடுகிற கூச்சலில் கராஜுக்குள் பீரங்கி வெடித்தாலும் கேட்காது. தெருப்பக்கம் பெரிய கதவைச் சாத்திக்கொண்டு, புகை போகக் காட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, கையைத் திருகில் வைத்தபடி வெண்டல் காத்திருப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெட்டி உறுமும். இவர் திருகைத் திறப்பார். ஹோவென்று தீ எழும்பும். புல்வெட்டி வீட்டுக்குப் பின்னால் போய் சத்தம் மங்கினால் இவரும் குறைப்பார். அது திரும்பி வந்தால் இவரும் ஏற்றுவார். வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரைச்சல் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஒலீட்டா சமையலறை ஜன்னலில் நின்று காவல் பார்ப்பாள். பானை கொதித்து, நுரை அடங்கி, தீயை முணுமுணுப்புக்குக் கொண்டுவந்துவிட்டால் ஆபத்து தாண்டியது. டீக்கன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று வெண்டலுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் அவருக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். குறிப்பாக அந்த ஒரு சனிக்கிழமை. அன்று டீக்கன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். இவர் அப்போதுதான் சிலிண்டரை மாட்டிக்கொண்டிருந்தார். புல்வெட்டிச் சத்தம் கேட்டதும் கை பதறி, பர்னர் வால்வு திறந்திருக்கும்போதே சிலிண்டர் வாயையும் படக்கென்று திருகித் திறந்துவிட்டார். கேஸ் அப்படித் திடீரென்று பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வழியை அடைத்துவிடுகிற காப்பு ஒன்று மாட்டுமிடத்தில் உண்டு. தீ மெழுகுவத்தி மாதிரி நின்றது.

"சிலிண்டர் காலி! போச்சு!" என்று ஓடிப்போய் சபையின் சிலிண்டரை உருட்டி வந்தார். மாட்டினார். அதே பதற்றம், அதே படக். மறுபடி மெழுகுவத்தி.

"என்ன பண்றே உள்ளே? அவரு முன்பக்கம் முடிச்சிட்டாரு!" என்று ஒலீட்டா கதவிடுக்கில் கிசுகிசுத்தாள்.

"ரெண்டுமே காலியாம்! ரெண்டுமே!"

"காலியாவது! போன வாரம்தானே ரொப்பிட்டு வந்தே? முதல்ல கையை உதறு. மூச்சை விடு. நீ கல்யாணத்தன்னைக்கு மோதிரம் போட்டப்பவும் இப்படித்தான் நடுங்கினே."

மூச்சை விட்டபின்தான் புத்தி வந்தது. எல்லாவற்றையும் மூடி, சற்றுப் பொறுத்து, சிலிண்டர் வாயைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி மெல்லத் திறந்தார். கேஸ் வந்தது. ஆனால் நேரம் போய்விட்டதே! இந்நேரம் டீக்கன் முடித்திருக்க வேண்டும். ஒலீட்டா ஜன்னலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஆச்சரியம்.

"வெட்டின இடத்தையே மறுபடி வெட்டறாரு. என்னத்துக்குன்னு தெரியலை."

"ரொம்பப் பாத்துப் பாத்துச் செய்வாருல்ல, ஏதோ திட்டு விட்டுப் போயிருக்கும். நம்ம நல்ல நேரம்!" என்று வெண்டல் திருகை முழுக்க ஏற்றினார். பானை கொதிக்கும் வரை டீக்கன் அந்த மொட்டைத் தரையில் போய்ப் போய் வந்தார். இவர் தீயைத் தணித்த கொஞ்ச நேரத்தில் புல்வெட்டியும் அடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் வெண்டலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை பாருங்கள்! பஸ் எஞ்சினில் ஊசி விழுந்தால் கண்டுபிடிப்பார்.

டீக்கனின் மனைவி இமோஜீன் அதற்கு முன்பே புற்றுநோயில் போயிருந்தாள். அவர்களுக்கு ஒரே மகள், ஹண்ட்ஸ்வில்லில் குடும்பம். டீக்கன் தனியாக இருந்தார். சமையல், துணி, சபை எல்லாவற்றிலும் பழைய ஒழுங்கு. சனிக்கிழமைப் புல்லும் அப்படியே. மழையே பெய்யாத கோடையில் புல்லெல்லாம் கருகி வைக்கோலான பிறகும் அவர் வெட்டினார். எதிர்வீட்டு நாடீன் ஓகிள்ட்ரீ, ஊரின் வாய் அவள்தான், வாசலில் நின்று சிரிப்பாள். "பிரதர் ஹார்லன், புழுதியை எதுக்கு வெட்டறீங்க? அதுக்கும் தலைமுடி வளருதா?" அவர் தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டு மேலே போவார். குளிர்காலத்தில் இலை ஊதும் எந்திரத்தை எடுத்துக்கொண்டு, இலையே இல்லாத முற்றத்தை ஊதுவார். மனைவியை இழந்த மனிதர், பொழுது போக வேண்டாமா என்று ஊர் விட்டுவிட்டது. வெண்டலும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு வருடம் வேனிலில் டீக்கனுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். மகள் வந்து ஒரு மாதம் தங்கி, புல் வெட்டக் கூலிக்கு ஆள் ஏற்பாடு செய்து, "அப்பா, இனிமே அந்தக் கயித்தைத் தொட்டீங்கன்னா நான் திரும்பி வந்து உக்காந்துக்குவேன்," என்று மிரட்டிவிட்டுப் போனாள். கூலி ஆட்கள் புதன்கிழமை வந்து, சத்தமே இல்லாத ஏதோ பேட்டரி எந்திரத்தில் ஒட்ட வெட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு மாதமும் வெண்டல் காய்ச்சவில்லை. பயம் ஒரு பக்கம். பக்கத்து வீட்டில் மனிதர் படுத்திருக்கும்போது மனசும் வரவில்லை. இரண்டு வேளை சூப் கொண்டுபோய்க் கொடுத்தார். வாசலிலேயே நின்று "எப்படி இருக்கீங்க பிரதர்?" "கர்த்தர் கிருபை" என்பதோடு பேச்சு முடிந்தது. இத்தனை வருடப் பழக்கம் அவ்வளவுதான்.

மகள் ஊருக்குப் போன அடுத்த சனிக்கிழமை, ஆசை விடவில்லை, பானையை ஏற்றிவிட்டார். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு பானை நிறைய. கராஜெல்லாம் ரொட்டிக்கடை வாசம். தீயை முணுமுணுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. இனி புல்வெட்டி ஓடாது. நாள் முழுக்க ஆனாலும் சின்னத் தீயிலேயே ஒப்பேற்ற வேண்டியதுதான்.

எதிர்வீட்டில் அன்று நாடீன் வீட்டுப் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். சபைப் பெண்கள் பாதிப்பேர் அங்கேதான்.

"வெண்டல், இங்கே வா. சீக்கிரம்," என்று ஒலீட்டா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டீக்கன் நின்றுகொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து பழைய புல்வெட்டியை எப்படியோ இழுத்து வந்திருந்தார். குனிந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். கிளம்பவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி குனிந்தார். இழுத்தார். கிளம்பவில்லை. முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"என்ன பண்றாரு இவரு? புதன்கிழமைதானே வெட்டினாங்க? தரையில ஒரு புல்லுகூட இல்லையே," என்றாள் ஒலீட்டா.

டீக்கன் நிமிர்ந்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார். வேலியைத் தாண்டிப் போயிருந்த மால்ட் வாசனையை இழுத்தார். பிறகு மூடியிருந்த கராஜ் கதவைக் கவலையோடு ஒரு பார்வை பார்த்தார். மறுபடி கயிற்றுக்குக் குனிந்தார்.

வெண்டலுக்கு அப்போதுதான் உறைத்தது. கருகிய புல், இலையில்லாத முற்றம், வெட்டின இடத்தையே வெட்டியது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தது. ஐயோ, இந்த மனுஷன் நமக்காக அல்லவா வெட்டிக்கொண்டிருந்தார்! இப்போதும் நமக்காகத்தான் இழுக்கிறார். இன்னொரு தடவை இழுத்தால் விழுந்துவிடுவார்.

"பிரதர்! விடுங்க!" என்று ஜன்னலைத் தட்டிக் கத்தினார். எதிர்வீட்டுக் கூட்டத்தின் சளசளப்பில், புல்வெட்டிச் சத்தத்திலேயே காது மந்தமாகிப்போன அந்த மனிதருக்குக் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது. வெண்டல் மனைவியைப் பார்த்தார். எதிரே நாடீன், பாதிச் சபை. மீன் விருந்து, ஞாயிறு பள்ளி, எல்லாம் போகும்.

ஒலீட்டா ஒரு கணம்தான் நின்றாள். பிறகு அவளே கராஜுக்கு ஓடி, தெருப்பக்கத்துப் பெரிய கதவைக் கீழே பிடித்து மேலே தள்ளினாள். கதவு கடகடவென்று ஏறியது. வெயில் உள்ளே வந்து விழுந்தது. "திற!" என்றாள்.

பின்னால் ஓடி வந்த வெண்டல் திருகை முழுக்கத் திறந்தார். புல்வெட்டித் துணையில்லாமல் அந்த வீட்டில் அதுவரை எழாத இரைச்சல் எழுந்தது. பானையைச் சுற்றி நீலத் தீ சீறிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டில் பேச்சு அறுந்தது. நாடீன் கையிலிருந்த விளக்குக் கூண்டோடு அப்படியே திரும்பி நின்றாள்.

டீக்கன் கயிற்றை விட்டார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு, தெரு வழியாக, அத்தனை கண்களும் பார்க்க, மெதுவாக நடந்து கராஜுக்குள் வந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தார். சிறிது நேரம் மூச்சு வாங்கினார்.

"ஏம்ப்பா வெண்டல்," என்றார். "கெடுத்துட்டியேப்பா."

"நீங்க… உங்களுக்கு எப்பலருந்து தெரியும் பிரதர்?"

"தெரியும்னு நான் எங்கே சொன்னேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது. புல்லு வெட்டிக்கிட்டிருந்தேன்." பிறகு அவருக்கே அது போதவில்லை போலும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "இமோஜீனுக்கு மருந்து ஏத்தின காலம். சாப்பாட்டு வாசனையே அவளுக்கு ஆகலை. காப்பி போட்டாக்கூட ஓங்கரிப்பா. ஒரு சனிக்கிழமை, பின்வாசல்ல உக்காந்திருந்தவ, 'ஹார்லன், யாரோ ரொட்டி சுடறாங்க'ன்னா. அன்னைக்கு ஒரு துண்டு ரொட்டி கேட்டு வாங்கித் தின்னா. எத்தனை நாள் கழிச்சுன்னு நினைக்கிறே! எனக்கு அது என்ன வாசனைன்னு தெரிஞ்சுபோச்சு. கோவம் வந்துச்சு. உன் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். அவதான் கையைப் பிடிச்சா. 'போய்க் கேட்டீங்கன்னா அந்த ஆளு நிறுத்திடுவான். அடுப்புச் சத்தம் ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னா, நீங்க போய்ப் புல்லு வெட்டுங்க'ன்னா."

ஒலீட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ போனப்புறம் நிறுத்தியிருக்கலாம். முடியலை," என்றார் டீக்கன். "சனிக்கிழமை அந்த வாசனை வந்தா, அவ பின்வாசல்ல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும்ப்பா."

வெண்டல் டீக்கனையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எதிரே பானையில் பழுப்பு நுரை பால் பொங்குவது போல விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

"பொங்குது! பொங்குதுப்பா, குறை!" என்று டீக்கன் கத்தினார். வெண்டல் சிலையாக நிற்பதைப் பார்த்து, தானே எட்டித் திருகைப் பிடித்து ஒரு சுற்று மூடினார். நுரை விளிம்பில் வந்து நின்று, தளும்பி, உள்ளே இறங்கியது. "மீன் விருந்துல இப்படி நின்னிருந்தீன்னா ஊரே பட்டினி," என்று முணுமுணுத்தார்.

மூவரும் சிரித்துவிட்டார்கள். டீக்கன் சிரித்ததை ஒலீட்டா அன்றுதான் முதலில் பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும் டீக்கன் எழுந்தார். எதிர்வீட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "இத்தனை நாளா எனக்குத் தெரியாது. அதனால சும்மா இருந்தேன். இன்னைக்குக் கதவைத் திறந்துட்டே. இனிமே தெரியாதுன்னு சொன்னா அது பொய். புதன்கிழமை நான் எழுந்து நின்னாகணும்."

"தாராளமா எழுந்து நில்லுங்க பிரதர்," என்றார் வெண்டல். "நீங்க விழாம இருந்தீங்களே, அது போதும்."

நாடீன் சும்மா இருப்பாளா? அன்று மாலைக்குள் டாலிவரில் தெரியாத ஆள் இல்லை. ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் இவர்களைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்தது. ஒலீட்டாவின் வகுப்புக்குப் பாதிக் குழந்தைகள் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வெண்டல் சபையின் பர்னரைக் கரி போகத் தேய்த்துக் கழுவி, சிலிண்டர்களோடு வண்டியில் ஏற்றினார். கேட்பதற்கு முன்னால் நாமே ஒப்படைத்துவிடலாம் என்று.

"போகாம இருந்துடலாமா?" என்றாள் ஒலீட்டா, சட்டைக் கழுத்தைச் சரி செய்தபடி.

"அவரு பேரைச் சொல்லும்போது நான் அங்கே இல்லேன்னா, அவரு தனியாயிடுவாரு," என்றார் வெண்டல்.

கூட்டம் நிரம்பியிருந்தது. டீக்கன்மார் ஐவரும் முன்னால் நாற்காலிகளில், சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெண்டலும் ஒலீட்டாவும் கடைசிக்கு முந்தின பெஞ்சில். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பாஸ்டர் வழக்கம்போல, யாருக்காகவாவது ஜெபிக்க வேண்டுமா என்று கேட்டார். ஹார்லன் பைஸ் எழுந்தார். நாடீன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒலீட்டா கணவனின் கையைப் பிடித்தாள்.

"ஒருத்தர் பேரைச் சொல்லி ஜெபிக்கணும்," என்றார் டீக்கன். "ரொம்ப வருஷமா அந்த ஆளு ஒரு விஷயத்தை மறைச்சிருக்காரு. தெரிஞ்சுகிட்டே தெரியாத மாதிரி நடிச்சாரு. உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் நடிச்சாரு. அதுக்காக வருத்தப்படறாரான்னு கேட்டா, பொய் சொல்ல மாட்டேன், வருத்தப்படலை. அப்படிப்பட்ட ஆளு இந்த நாற்காலியில உக்காரக்கூடாது."

நிறுத்தினார். கடைசிப் பெஞ்சுகள் பக்கம் பார்த்தார்.

"பேரு ஹார்லன் பைஸ். அவருக்காக ஜெபம் பண்ணுங்க."

டீக்கன் நாற்காலியிலிருந்த தன் தொப்பியை எடுத்துக்கொண்டு, படியிறங்கி, நடுவழியே ஒவ்வொரு பெஞ்சாகத் தாண்டி நடந்து வந்தார். கடைசிக்கு முந்தின பெஞ்சில் நின்றார். ஒலீட்டா அழுதுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றார்.